களை எப்போது விளைச்சலைத் தின்கிறது?

இந்தப் பாடத்தை இரண்டு வகையான குடும்பங்களை மனதில் வைத்து எழுதுகிறோம். பல வருடம் கைவிடப்பட்டுக் கிடந்த சொந்த வயலுக்குத் திரும்பியவர்கள் ஒரு வகை. சொந்தக் காணி இன்னும் கைக்கு வராமல், இருக்கும் இடத்தில் பிறருடைய வயலைக் குத்தகைக்கு எடுத்துச் செய்பவர்கள் மற்ற வகை. இரு பகுதியினரும் எம்மிடம் சொல்லும் முறைப்பாடு ஒன்றுதான்: "விதைச்சது நெல்லு, வெட்டினது புல்லு."

களை விளைச்சலைக் குறைக்கும் என்பது கமக்காரருக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆனால் எந்தக் கிழமையில் குறைக்கிறது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நாங்களும் ஏமாந்திருக்கிறோம், அதைப் பிறகு சொல்கிறோம்.

மனிதன் விட்டுப்போன கோதுமை

நிவாரணக் கூப்பனுக்குக் கோதுமை மாவு வாங்கிப் பல வருடம் ரொட்டி சுட்டுச் சாப்பிட்டவர்கள் நாம். ஆனால் கோதுமைப் பயிரை எம்மில் அநேகர் கண்டதில்லை. அதுவும் நெல்லைப் போல ஒரு புல்லினந்தான். முளைத்து, மட்டம் வெடித்து, கதிர் தள்ளி, மணி முற்றுகிறது. களையோடு அதற்குள்ள வழக்கும் நெல்லின் வழக்கே. களையைப் பற்றிய பழைய ஆராய்ச்சிகள் பல கோதுமை வயலிலேயே நடந்தபடியால் அங்கிருந்து தொடங்குவோம்.

இங்கிலாந்தில் ரோதம்ஸ்ரெட் என்ற இடத்தில் ஒரு பழைய விவசாய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே புரோட்பால்க் என்னும் வயலில் 1843 ஆம் ஆண்டு தொடக்கம் கோதுமை விதைத்து வருகிறார்கள். 1882 இல் அந்த வயலின் ஓர் ஓரத்தில் விளைந்து நின்ற ஒரு சிறு துண்டை மட்டும் அறுவடை செய்யாமல் அப்படியே விட்டார்கள். மணி தானாகக் கொட்டியது. அடுத்த வருடம் தானாகவே முளைத்தது. உழவில்லை, களையெடுப்பில்லை. நாலாவது வருடத்தில் போய்த் தேடியபோது குறுகிப்போன சில கோதுமைச் செடிகள் மட்டுமே அகப்பட்டன. பிறகு அவையும் இல்லை. இன்று அந்தத் துண்டின் ஒரு பகுதி பெருமரக் காடாய் நிற்கிறது.

நாலே நாலு வருடம். ஆயிரக்கணக்கான வருடமாக மனிதன் வளர்த்த பயிர், மனிதன் விலகியதும் நாலு வருடத்துக்குள் தோற்றுப்போனது. எமது வயல்களிற் சில 20 வருடத்துக்கும் மேலாக ஆளில்லாமல் கிடந்தன. திரும்பி வந்த முதற் போகத்திலேயே பழைய விளைச்சல் வரவில்லை என்று மனம் தளர்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை யோசித்துப் பார்க்கவேண்டும்.

மண்ணுக்குள் இருக்கும் கையிருப்பு

வயல் வெறுமையாய்க் கிடந்த காலத்தில் மண் வெறுமையாய்க் கிடக்கவில்லை. ஒவ்வொரு மாரிக்கும் புல் முளைத்தது, பூத்தது, விதை கொட்டியது. ஒரு செழித்த கோழிச்சூடன் செடி ஆயிரக்கணக்கில் விதை கொட்டும். அவை எல்லாம் ஒரே மாரியில் முளைப்பதில்லை. ஒரு பங்கு முளைக்கும், மிச்சம் உறங்கும். ஆழத்திற் கிடப்பது உழவில் மேலே வந்து, வெளிச்சமும் ஈரமும் கண்டதும் எழும்பும்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பீல் என்ற தாவரவியலாளர் 1879 இல் 20 போத்தல்களில் களை விதைகளை மண்ணோடு கலந்து புதைத்து வைத்தார். குறித்த காலத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு போத்தலாகத் தோண்டி எடுத்து முளைக்கப் போட்டு வருகிறார்கள். 2021 இல் தோண்டிய போத்தலிலும் சில விதைகள் முளைத்தன, 141 வருடத்துக்குப் பிறகு. எல்லாக் களை விதையும் அவ்வளவு காலம் தாங்காது. நெல்வயற் புற்களிற் பலவற்றின் விதைகள் சில வருடங்களில் செத்துப்போகும். ஆகவே புது விதை விழாமல் நாலைந்து போகம் காவல் செய்தால் மண்ணிலுள்ள கையிருப்புக் குறையும். ஒரு போகம் அசட்டையாய் விட்டால் மறுபடியும் நிரம்பும்.

போட்டி நடக்கும் விதம்

களையும் பயிரும் ஒளி, நீர், பசளை ஆகிய மூன்றுக்கும் அடிபடுகின்றன. இது தெரிந்த விடயம். தெரியாதது, அடிபாடு தொடங்கும் நேரம்.

நெல்லோ கோதுமையோ, விளைச்சல் என்பது கதிர்களின் எண்ணிக்கை, ஒரு கதிரில் உள்ள மணிகள், மணியின் நிறை ஆகியவற்றின் பெருக்கம். இவற்றில் முதலாவதுதான் முதலில் தீர்மானமாகிறது. மூன்றரை மாத நெல்லில் விதைத்து மூன்றாம் கிழமையளவில் மட்டம் வெடிக்கத் தொடங்கி, ஆறாம் கிழமையளவில் அந்த வேலை முடிந்துவிடுகிறது. அந்தக் காலத்தில் வெடிக்காத மட்டம் பிறகு வெடித்தாலும் நல்ல கதிராக வருவதில்லை. களை கை வைப்பது சரியாக இந்த இடத்தில்தான்.

இன்னொரு வியப்பும் உண்டு. களையின் நிழல் பயிர்மேல் விழுந்த பிறகே தீமை தொடங்குகிறது என்று நாம் நினைப்போம். அப்படியல்ல. பச்சை இலை சூரிய ஒளியில் சிவப்பை உறிஞ்சிக்கொண்டு, சிவப்புக்கு அப்பாலான, எமது கண்ணுக்கு அநேகமாகத் தெரியாத ஒளியைத் திருப்பி அனுப்பும். பக்கத்தில் வேறு செடி நின்றால், நிழல் விழுமுன்னரே, திரும்பி வரும் இந்த ஒளியைக் கொண்டு பயிர் அதை அறிந்துகொள்ளும். உடனே உயரத்துக்கு ஓடப் பார்க்கும். மட்டம் வெடிப்பதைக் குறைத்துவிடும். களை விரல் உயரத்தில் நிற்கும்போதே பயிர் தன் கணக்கை மாற்றிவிடுகிறது.

கணக்கு விளங்குவதற்காக ஓர் எடுத்துக்காட்டுப் போடுவோம். ஓரடிச் சதுரத்தில் 28 கதிர், கதிருக்கு 80 மணி, 1,000 மணி 22 கிராம் என்று வையுங்கள். ஒரு புசல் நெல் ஏறக்குறைய 21 கிலோ. பெருக்கிப் பார்த்தால் ஏக்கருக்கு 100 புசல் அளவில் வரும். இனி, களையால் கதிர் 18 ஆகவும் மணி 65 ஆகவும் குறைந்தது என்று வையுங்கள். வருவது 53 புசல் அளவில். வயலைப் பார்த்தால் இரண்டும் பச்சையாய்த்தான் இருக்கும். உழவுக்கூலி ஒன்று, விதைநெல் ஒன்று, பசளை ஒன்று. நிறுக்கும்போதுதான் வித்தியாசம்.

வீச்சு விதைப்பு நெல்லில் விதைத்து இரண்டாம் கிழமையிலிருந்து ஆறாம் கிழமை வரை வயல் களையின்றி இருக்கவேண்டும். கோதுமையிலும் முதல் 30 முதல் 45 நாள்தான் முக்கியம். அதற்குப் பிறகு பயிர் தானே நிலத்தை மூடிக்கொள்ளும். பிந்தி முளைக்கும் களை அதன் நிழலுக்குள் நோஞ்சானாகவே கிடக்கும். முற்றாகவே களையெடுக்காத வீச்சு விதைப்பு வயலில் பாதி விளைச்சலும் அதற்கு மேலும் போய்விடும். நாற்று நட்ட வயலில் இழப்புக் குறைவு. காரணம் எளிது: நாற்றுக்கு இரண்டு மூன்று கிழமை மூப்பு இருக்கிறது.

50 ஆம் நாளில் நாங்கள் கண்டது

ஒரு காலபோகத்தில், திரும்பி வந்து இரண்டாம் தடவை விதைத்திருந்த ஒரு வயலுக்குப் போனோம். வயலுக்குரிய அம்மாவும் மருமகளும் மட்டுமே வேலை செய்கிறார்கள். உழவுக்குக் காசு நகையை அடைவு வைத்து எடுத்தது. விதைத்து 50 நாள். "வடிவாய்ப் பச்சையாய்த்தானே தம்பி நிக்குது" என்று அம்மா வரம்பில் நின்று காட்டினார். பச்சைதான். இறங்கிப் பார்த்தால் மூன்றில் ஒன்று கோழிச்சூடன். நெல்லுக்கு மேலே தலை தூக்கி நின்றது.

அந்தக் கிழமையே எட்டுப் பெண்களைக் கூலிக்குப் பிடித்துக் களை எடுத்தார்கள். வேர் வேரோடு பின்னிக் கிடந்ததால் புல்லோடு நெல்லும் கழன்று வந்தது. கூலி போனது, விளைச்சல் திரும்பவில்லை. நகை அடுத்த போகம் வரை அடைவிலேயே இருந்தது.

இதில் எமது பங்கும் உண்டு. களையெடுப்புக்கென்று நாங்கள் கொடுத்த சிறு கடன் அந்த வயலுக்குப் போய்ச் சேர்ந்தது 48 ஆம் நாளில். படிவம் நிரப்பி, கூட்டம் கூடி, கையொப்பம் வைத்து முடிய அவ்வளவு நாள் எடுத்தது. அதே காசு 15 ஆம் நாளில் போயிருந்தால் பாதி ஆட்களே போதுமாயிருக்கும். உதவிக் கடனுக்கு மனுப் போடுபவர்கள் விதைக்குமுன் போடுங்கள். கொடுப்பவர்களைத் துரிதப்படுத்துவதும் உங்கள் உரிமை.

நெல்லா, புல்லா?

சிறு வயதுக் கோழிச்சூடனை நெல்லிலிருந்து பிரித்தறியப் பழகவேண்டும். (ஊருக்கு ஊர் இதன் பெயர் மாறும், நெல்லைப் போலவே நிமிர்ந்து வளர்ந்து, பிறகு மேலே கிளைத்த கதிர் தள்ளும் புல்லைத்தான் சொல்கிறோம்.) இலை, தண்டைச் சுற்றிய உறையிலிருந்து பிரியும் இடத்தை விரலால் விரித்துப் பாருங்கள். நெல்லில் அந்த மூட்டில் வெள்ளையாய், மெல்லியதாய், நுனி பிளந்த ஒரு நாக்கு நிற்கும். இரு பக்கத்திலும் மயிருள்ள சிறு காதுகள் இருக்கும். கோழிச்சூடனில் நாக்கும் இல்லை, காதும் இல்லை, மொட்டை. இதைப் பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுத்தால் எங்களைவிட விரைவாகப் பிடித்துக்கொள்வார்கள்.

இந்தப் புல் சோளம், கரும்பு போன்றவற்றின் வகையைச் சேர்ந்தது. கடும் வெயிலிலும் சூட்டிலும் ஒளியை உணவாக்கும் வேலையில் நெல்லைவிட ஒரு படி மேல். இரண்டுக்கும் ஒரே நாளில் ஓட்டத்தைத் தொடக்கினால் வெல்வது அதுதான். நெல்லை முந்த வைப்பதே எமது வேலை.

கோதுமை வயலிலும் இப்படி ஒரு வேடதாரி உண்டு. சுவிசேஷத்தில் வரும் கோதுமையும் களையும் உவமையைப் பலர் அறிந்திருப்பீர்கள். அங்கே சொல்லப்படும் களை, கதிர் தள்ளும் வரை கோதுமையைப் போலவே தோன்றும் ஒரு புல் என்று கருதப்படுகிறது. களையைப் பிடுங்கினால் கோதுமையும் சேர்ந்து வரும், அறுப்புவரை விடுங்கள் என்று எசமான் சொன்னது, பிந்திப்போன வயலைப் பொறுத்தவரை சரியான பேச்சு. அந்த அம்மாவின் வயலில் நாங்கள் கண்டதும் அதுவே. ஆனால் அந்த உவமை பொறுமையைப் பற்றியது. அதைக் கேட்டுவிட்டு 15 ஆம் நாளில் வரம்பில் குந்தியிருக்க வேண்டாம்.

பன்றி நெல்லின் கதை வேறு. அது நெல்லின் இனமே. நாக்கும் காதும் அதற்கும் உண்டு. 1990 களின் தொடக்கத்தில் இந்நாட்டில் கவனத்துக்கு வந்து, பிறகு பல மாவட்டங்களுக்குப் பரவியது. நெல் முற்றுமுன் தன் மணியைக் கொட்டிவிடும். நெல்லைக் கொல்லாமல் இதை மட்டும் கொல்லும் மருந்தை விதைத்த வயலில் தேடவேண்டாம். அது விதைநெல்லோடும் அறுவடை இயந்திரத்தோடும் வருகிறது. ஒருமுறை நாங்களே விலை குறைவென்று ஓரிடத்தில் விதைநெல் வாங்கிப் பகிர்ந்தோம். அதனுள் பன்றி நெல் இருந்தது. வெள்ளை அரிசி இனமென்றால் ஒரு கைப்பிடி விதையை உமி நீக்கிப் பாருங்கள். சிவந்த மணி தென்பட்டால் அந்த மூட்டை விதைக்கல்ல. சிவப்பரிசி இனத்தில் இந்தச் சோதனை உதவாது. நம்பிக்கையான இடத்து விதையே வழி. வாடகைக்கு வரும் இயந்திரத்தை வயலுக்குள் இறக்குமுன் கூட்டித் துடைக்கச் சொல்வதற்கு வெட்கப்படவேண்டாம்.

கைப்பலம் குறைந்த குடும்பம் எங்கே தொடங்கலாம்?

முதலில் ஒரு எச்சரிக்கை. கண்ணிவெடி அகற்றப்பட்டதென்று அறிவிக்கப்பட்ட காணியில் மட்டுமே உழவு, மண்வெட்டி எல்லாம்.

விதைக்குமுன் செய்யும் களையெடுப்பே மிக மலிவானது. முதல் மழையோடு ஒருமுறை உழுது விடுங்கள். பத்துப் பதினாலு நாளில் களை பச்சைப்பசேலென்று முளைக்கும். பார்க்கப் பயமாயிருக்கும், ஆனால் முளைத்தது அவ்வளவும் கையிருப்பிலிருந்து கழிந்தது. அதை மறு உழவில் மடக்குங்கள். நீண்டகாலம் கிடந்த வயலில் இதை இரண்டு தடவை செய்தால் மிக நன்று. மழை காத்திருக்காது, உழவு இயந்திரமும் கேட்ட நாளில் வராது என்பது தெரியும். புழுதி விதைப்புச் செய்பவர்களுக்கு இந்த வாய்ப்பு இன்னும் குறைவு. அப்படியானால் முழு வயலையும் விதைக்காமல், உங்கள் வீட்டுக் கைகளால் 15 ஆம் நாளில் களையெடுத்து முடிக்கக்கூடிய அளவை மட்டும் விதையுங்கள் என்பதே எமது யோசனை. மூன்று ஏக்கரில் புல் வளர்ப்பதைவிட ஒன்றரை ஏக்கரில் நெல் வளர்ப்பது நல்லது. இதைச் சொன்னால் கோபிப்பவர்களும் இருக்கிறார்கள். மிச்ச நிலத்தைச் சும்மா விடாமல், களை விதை கொட்டுமுன் உழுது மடக்கவேண்டும்.

குளத்து நீர் உள்ளவர்களுக்கு நீரே பெரிய ஆயுதம். கோழிச்சூடனும் பன்றி நெல்லும் காற்றுப்படும் சேற்றில்தான் தாராளமாக முளைக்கும். நாற்று நிலை கொண்ட பிறகு இரண்டு மூன்று அங்குலம் நீர் நிறுத்தினால் புதிதாக முளைப்பது அடங்கும். வயல் மட்டமாக இல்லாவிட்டால் மேட்டில் புல், பள்ளத்தில் நெல் அழுகல் என்று இரண்டு பக்கமும் நட்டம். கோரைக்கு நீர் மட்டும் போதாது. அதன் கிழங்கைக் கோடையில் உழுது வெயிலில் காய விடவேண்டும்.

கைக்களை இரண்டு தடவை: 15 முதல் 20 நாளுக்குள் ஒன்று, 35 முதல் 40 நாளுக்குள் மற்றது. ஒன்றுக்குத்தான் கையும் காசும் உண்டென்றால் முதலாவதைச் செய்யுங்கள். யூரியாவை எப்போதும் களை எடுத்த பிறகே வீசவேண்டும். முந்தி வீசினால் நைதரசனை முதலில் எடுப்பது கோழிச்சூடன். உங்கள் காசில் உங்கள் எதிரிக்குச் சாப்பாடு. பல குடும்பங்கள் சேர்ந்து கைமாற்றாக ஒவ்வொரு வயலாகக் களையெடுக்கும் பழைய வழக்கத்தை மீண்டும் தொடங்கிய இடங்களில் கூலிச் செலவு குறைந்திருப்பதைக் கண்டோம். ஆனால் முறை பிந்தி வருபவர் எப்போதும் ஒருவராகவே இருக்கக்கூடாது.

கால் ஏக்கர், அரை ஏக்கர் செய்பவர்கள் நாற்று நடலாம், அல்லது வரிசையில் விதைத்து, வரிசைகளுக்கு நடுவே தள்ளிச் செல்லும் களைக் கருவியைப் பாவிக்கலாம். மொட்டைக்கறுப்பன் போன்ற உயரமான பழைய இனங்கள் களையை ஓரளவு தாமே அடக்கும். விளைச்சல் புதிய இனங்களிலும் குறைவு. எது கட்டும் என்பது உங்கள் நிலத்தையும் கையையும் பொறுத்தது.

45 நாளுக்குப் பிறகு களை எடுப்பது வீணா? இந்தப் பயிருக்கு அநேகமாக வீண்தான். ஆனால் விதை கொட்டுமுன் கோழிச்சூடனின் கதிரை மட்டும் கத்தியால் அரிந்து வயலுக்கு வெளியே கொண்டுபோனால் அது அடுத்த போகத்துக்கு இலாபம். இதற்குக் கூலியாள் தேவையில்லை. மாலையில் ஒரு மணித்தியாலம் போதும்.

களைநாசினியைப் பற்றி

வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆளில்லாத வீட்டுக்கு அது ஒரு துணை. ஆனால் அதை மட்டும் நம்புவதன் முடிவை இந்தியக் கோதுமைக் கமக்காரர் கண்டார்கள். பஞ்சாப், ஹரியானா மாநிலங்களில் குல்லி டண்டா என்ற புல்லுக்கு ஐசோப்புரோட்டியூரோன் என்ற ஒரே மருந்தை வருடாவருடம் அடித்தார்கள். 1990 களின் தொடக்கத்தில் அந்தப் புல் மருந்துக்குச் சாகாத இனமாகிவிட்டது. சிலர் கோதுமையைப் பச்சையாகவே அறுத்து மாட்டுக்குப் போடவேண்டி வந்தது. எமது நாட்டிலும் புரோப்பனிலுக்குச் சாகாத கோழிச்சூடனை ஆராய்ச்சியாளர் கண்டிருக்கிறார்கள். மருந்து புல்லை மாற்றுவதில்லை. சாகக்கூடியவற்றைக் கொன்று, சாகாத ஒன்றிரண்டுக்கு வயலை ஒப்படைக்கிறது. 2021 இல் பசளையும் விவசாய இரசாயனங்களும் இறக்குமதி செய்ய அரசு தடை விதித்தது. தடை அவ்வருடமே நீங்கியது. ஆனால் கைக்களை மறந்துபோன வயல்களுக்கு அந்த இடைவெளியே நீண்டதாயிருந்தது.

அடிப்பதானால் களை இரண்டு மூன்று இலையில் நிற்கும்போது, போத்தலில் எழுதிய அளவில், போகத்துக்குப் போகம் வகையை மாற்றி அடியுங்கள். எந்த வகை என்பதைக் கடைக்காரரிடம் அல்ல, கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள்.

குத்தகைக்குச் செய்பவர்களுக்கு ஒரு சொல். ஒரு போகத்துக்கு மட்டும் எடுத்த வயலில் மண்ணின் கையிருப்பைக் குறைக்கப் பாடுபடுவது பிறருக்கு வேலை செய்வதுபோலத் தோன்றும். அது நியாயமான எண்ணந்தான். ஆகவே குத்தகை பேசும்போதே மூன்று போகத்துக்குக் கேளுங்கள். முதற் போகத்து இரட்டை உழவின் செலவில் ஒரு பங்கைக் குத்தகையிற் கழிக்கக் கேளுங்கள். பன்றி நெல் குறைந்த வயல் காணிக்காரருக்கே ஆதாயம் என்பதை எடுத்துச் சொன்னால் சிலர் இணங்குகிறார்கள்.

உங்கள் வயலிலேயே பார்க்க

நாம் எழுதியதை நம்பவேண்டியதில்லை. வரும் போகத்தில் வயலின் ஒரே மாதிரியான இடத்தில், மீற்றருக்கு மீற்றர் சதுரமாக மூன்று பாத்திக்குக் கம்பு நட்டுக் கயிறு கட்டுங்கள். ஒன்றில் 15 ஆம் நாளிலும் 35 ஆம் நாளிலும் களை எடுங்கள். இரண்டாவதில் 50 ஆம் நாளில் மட்டும் எடுங்கள். மூன்றாவதைத் தொடாமல் விடுங்கள். ஆனால் களை விதை கொட்டுமுன் அதன் கதிரை அரிந்துவிடுங்கள். 45 ஆம் நாளில் ஒவ்வொரு பாத்தியிலும் பத்து நெற்செடியின் மட்டங்களை எண்ணிப் பிள்ளைகளின் கொப்பியில் எழுதுங்கள். அரிவி வெட்டும்போது மூன்றையும் வேறு வேறாக அறுத்து, அடித்து, கடைத் தராசில் நிறுத்து அந்தக் கணக்கையும் பக்கத்தில் எழுதுங்கள். எங்கள் களப் பணியாளர் வரும்போது கொப்பியைக் காட்டுங்கள். ஊர் ஊராகச் சேர்த்து, எந்த மண்ணில் எவ்வளவு போனது என்று இப்பக்கத்தில் போடுவோம்.